வடிகட்டியை அடைத்த கை

"மீன் தொட்டி இரைகிறது. மாணவர் கவனம் சிதறுகிறது. ஆகவே தொட்டியை அகற்றிவிடலாம்."

கடந்த மாதம் எங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் இப்படி ஒரு முன்மொழிவு வந்தது. வழிமொழியவும் ஆள் இருந்தது. மறுத்துப் பேசியவன் நான் ஒருவன்தான். முடிவு எட்டப்படவில்லை, அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். எனவே இக்கட்டுரையைச் சற்றுச் சினத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பொறுத்தருள்க!

நெகிரி செம்பிலானில் செம்பனைத் தோட்டங்களுக்கு இடையில் இருக்கும் சின்னஞ்சிறு தமிழ்ப்பள்ளி எங்களுடையது. மாணவர் எண்ணிக்கை 150ஐத் தொடாத பள்ளிகளின் பட்டியலில் உள்ளது. நூலகத்தின் ஒரு மூலையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் பதினான்கு கப்பி மீன்கள். கடையில் வாங்கியவை சில. தோட்டத்து லோங்கானில் மாணவர்களே வலைபோட்டுப் பிடித்து வந்தவை பல. விளிம்பில் தொங்குவது ஒரு மின்வடிகட்டி. பெற்றோர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. சில வாரங்களாக அது உறுமத் தொடங்கியிருந்தது. உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

பிறகு நடந்தது என்ன? ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி முடியும் வேளையில், யாரோ ஒருவருடைய கை அந்த விசையை அடைத்துவிட்டுப் போயிற்று. இரைச்சல் தாளாமல் அடைத்தார்களா, மின்சாரச் சிக்கனம் கருதி அடைத்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வந்தபோது மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன. அப்போதும் பதினொன்று உயிரோடுதான் இருந்தன. நல்லெண்ணம் கொண்ட இன்னொரு கை விரைந்து வந்து விசையைத் தட்டியது. வடிகட்டியிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு கருநீர் தொட்டிக்குள் கொட்டியது. ஓய்வு மணி அடிப்பதற்குள் மேலும் ஆறு மீன்கள் மிதந்தன. எஞ்சியவை ஐந்து.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சார், அடைச்சதால செத்துச்சா, தொறந்ததால செத்துச்சா?"

இரண்டாலும்தான் அம்மா. எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். மாணவிக்கு விளங்கிவிட்டது. ஆசிரியர் கூட்டத்திற்கு இன்னும் விளங்கவில்லை.

நம்மவர் பலரும் மீன் தொட்டி வடிகட்டியைத் தேநீர் வடிகட்டியைப் போன்றது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தூசியைப் பிடிக்கும், தொட்டி பளிச்சென்று தெரியும், அவ்வளவே அதன் வேலை! அப்படியானால் இரண்டு நாள் நிறுத்தினால் நீர் கொஞ்சம் கலங்கும். மீன் ஏன் சாகவேண்டும்? தூசி பிடிப்பது அதன் சில்லறை வேலை. அதன் தலையாய வேலை கண்ணுக்குத் தெரியாதது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. அது மீனுக்கு நஞ்சு. ஆற்றில் நீர் ஓடுகிறது, நஞ்சும் ஓடிவிடுகிறது. தொட்டியில் எங்கே ஓடும்? வடிகட்டியிலுள்ள பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்தாம் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. கடைசியில் வரும் நைட்ரேட்டு மட்டுமே ஓரளவு தாங்கத்தக்கது. வாரந்தோறும் கொஞ்சம் நீரை மாற்றி அதையும் குறைத்துவிடலாம்.

இவ்வுயிர்களை முதன்முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிவியலாளர், ஆண்டு 1890. அதற்குப் பின்னர் நூறாண்டுக் காலம் எல்லாம் தெரிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தார்கள். 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நன்னீர் மீன் தொட்டிகளைச் சோதித்துப் பார்த்து, நைட்ரைட்டை மாற்றுவது பாடநூல்களில் எழுதியிருந்த நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். 2015இல் இன்னும் ஒரு வியப்பு! அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்டு வரைக்கும் முழு வேலையையும் தனியொருவராகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்கள் உண்டு என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அவற்றுள் ஒரு குழு அதைக் கண்டெடுத்த இடம் எது தெரியுமா? மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டி! "அடைத்தால் என்ன, வெறும் பஞ்சுதானே" என்று நம்மவர் சொல்லும் அதே பஞ்சில்தான் உலகம் புதிய உயிரியலைக் கண்டுகொண்டிருக்கிறது.

இந்த நுண்ணுயிர்களுக்கும் மூச்சு வேண்டும். நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் உயிர்வளி கிடைக்கும். இருபது பாகை வெப்பமுள்ள நீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் அளவுக்கு உயிர்வளி கரையும். நம் ஊரின் முப்பது பாகை நீரில் ஏழரைதான். ஏற்கெனவே ஏழை வீட்டுச் சோறு. அதையும் வெள்ளிக்கிழமை மதியத்தோடு நிறுத்திவிட்டோம். மூடிய பெட்டிக்குள் இருந்த நுண்ணுயிர்கள் எஞ்சிய உயிர்வளியைத் தின்று தீர்த்துவிட்டுச் செத்தன. உயிர்வளியில்லாத இடத்தில் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்தன. அழுகிய முட்டை நாற்றத்தைத் தருவது அவை உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. திங்கட்கிழமை விசையைத் தட்டியபோது அத்தனையும் மீனின் மூக்கில் ஊற்றப்பட்டது. செய்திருக்க வேண்டியது வேறு: வடிகட்டியைக் கழற்றி, உள்ளிருந்த நீரைக் கொட்டி, பஞ்சை அலசிவிட்டு, தொட்டி நீரில் பாதியை மாற்றியபின் ஓடவிட்டிருக்க வேண்டும்.

சிக்கனம் என்கிறார்களே, அதையும் கணக்கிட்டுப் பார்ப்போமா? கணிதமும் நான் போதிக்கும் பாடந்தான். ஒரு சிறு காற்றுப்பம்பு மூன்று வாட் மின்சாரம் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மதியம் ஒரு மணி முதல் திங்கள் காலை ஏழு மணி வரை அறுபத்தாறு மணி நேரம். பெருக்கினால் 198 வாட்மணி. கால் யூனிட்டுக்கும் குறைவு! மாதம் முழுவதும் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு யூனிட் சொச்சம். ஒரு தட்டு மீகோரிங்கின் விலைகூட ஆகாது. அதே நூலகத்தில் ஆளில்லாத நேரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் காற்றாடியை அடைக்க ஒரு கையும் நீளவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

இனி இரைச்சலுக்கு வருவோம். எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான்.

கருவி இரைந்தால் "கெட்டுப்போச்சு, தூக்கிப்போடு" என்பது நம்மிடையே எப்போது நுழைந்த பழக்கம்? என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மிதிவண்டிச் சங்கிலி இரைந்தால் அதை இறக்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து மாட்டுவார். மிதிவண்டியைத் தூக்கிப்போட்டதில்லை. சத்தத்தைக் கேட்டே எந்தப் பல் தேய்ந்தது என்று சொல்வார். நம் லயத்து வீடுகளில் அப்படிச் சொல்லத் தெரியாத ஆளே அன்று அரிது. அவர்கள் வயிற்றில் பிறந்த நாம், பட்டயமும் பட்டமும் பெற்று, ஒரு சிறு சுழலியின் சத்தத்திற்கு அஞ்சி மீனைக் கொன்றுவிட்டு நிற்கிறோம்.

தமிழாசிரியர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். இரட்டைக்கிளவியை மாணவர்களை மனப்பாடம் செய்யவைக்கிறோம் அல்லவா? அது எதற்கு? சோதனைத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்ப மட்டுமா? மீன்கள் செத்த மறுநாள் நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அந்த வடிகட்டியைச் சுற்றி நிற்கவைத்தேன். "என்ன சத்தம் கேட்கிறது? இரட்டைக்கிளவியில் சொல்லுங்கள்" என்றேன். அன்று நடந்த தமிழ்ப்பாடம் போல் என் இருபதாண்டுப் பணியில் சில நாள்களே வாய்த்திருக்கின்றன.

"சலசல" என்றால் நீர் உயரத்திலிருந்து விழுகிறது. தொட்டியில் நீர் குறைந்துவிட்டது. நீரை வடிகட்டியின் உதடு வரை நிரப்பினால் சத்தம் நின்றுவிடும். வடிகட்டிக்கு ஒரு நோயும் இல்லை. "குபுகுபு" என்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. உறிஞ்சும் குழாய் நீருக்கு மேலே தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு பெட்டியில் நீரூற்றி, இலேசாகச் சாய்த்து ஆட்டினால் காற்று வெளியேறிவிடும். "படபட" என்பது மூடியின் வேலை. சரியாகப் பொருந்தாத மூடி அதிர்கிறது. விரலால் அழுத்திப் பாருங்கள், நின்றுவிட்டால் குற்றவாளி அதுவே. "நறநற" என்றால் சுழலியில் மணல் புகுந்திருக்கிறது. "கடகட" என்பதுதான் கவலைக்குரியது: சுழலியின் நடுத்தண்டு தேய்ந்திருக்கலாம், முறிந்திருக்கலாம், அல்லது அதன் இரு முனையிலும் இருக்கவேண்டிய சின்ன ரப்பர்க் குமிழ் காணாமற்போயிருக்கலாம்.

எங்களுடையது நறநறவா கடகடவா என்று வகுப்பே இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடியது. எண்ணெய் ஆலையில் பொறி பழுதுபார்ப்பவரின் மகன் ஒருவன், எழுத்துப் பாடத்தில் பின்தங்கியவன் என்று நாங்களெல்லாரும் முத்திரை குத்திய பையன், பெட்டியில் காதை வைத்துச் சிறிது நேரம் கேட்டான். "கல்லு மாட்டியிருக்கு சார். தண்டு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே கையை நீரில் வைக்கவேண்டும் என்று மூன்று முறை சொன்னேன் (நீங்களும் மூன்று முறை சொல்லுங்கள்). அடிப்பகுதியைத் திருகிக் கழற்றினோம். இம்பெல்லர் என்னும் அந்தச் சுழலி ஒரு காந்த உருளை. அதன் தலையில் சின்ன இறக்கைகள். சுற்றிலும் உள்ள மின்சுருளின் காந்தப்புலம் மாறி மாறி இழுக்க, உருளை நிமிடத்திற்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுகிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது அலை. அறுபதால் பெருக்குங்கள், கணக்குச் சரியாக வரும். அத்தனை வேகத்தில் சுற்றும் உருளைக்கும் அதன் குழிக்கும் இடையில் ஒரு மணல் துகள் இருந்தால் எப்படியிருக்கும்? எங்கள் குழியில் இருந்தது மணலும் அன்று; நெல்மணி அளவில் ஒரு நத்தை ஓடு! அதனோடு பச்சை வழுவழுப்பும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, தொட்டி நீரில் அலசி, மாட்டி, நீரூற்றி, விசையைத் தட்டினோம். உறுமல் போய்விட்டது. ஆன செலவு சுழியம். பிடித்த நேரம், வாதாடிய நேரத்தைக் கழித்தால், பத்து நிமிடம். ஒன்பது மீன்களின் உயிர் அந்த நத்தை ஓட்டில் இருந்தது.

அந்தப் பையனின் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொட்டியை அகற்றச் சொன்னவர்கள் அப்போது வகுப்பில் இல்லை. அதுவே என் குறை.

"வடிகட்டி பழுதுநீக்கியாயிற்று, பிறகு என்ன வழக்கு?" என்று கேட்பீர்கள். வழக்கு உண்டு. நத்தை ஓட்டை எடுத்த பிறகும் அந்தத் தொங்கு வடிகட்டி பள்ளிக்கு ஏற்றதன்று என்பதே என் கருத்து. இதில் கடைக்காரர்களோடும் சக ஆசிரியர்களோடும் ஒருசேர மோதுகிறேன்.

முதற்காரணம் காட்ரிட்ஜ். இவ்வகை வடிகட்டிகள் பலவற்றில் கரியும் பஞ்சும் அடைத்த ஒரு தட்டு இருக்கும். மாதத்திற்கு ஒருமுறை அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை வாங்கு என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். மேலே சொன்ன நுண்ணுயிர்க் கூட்டம் எங்கே குடியிருக்கிறது? பெரும்பகுதி அந்தத் தட்டில்தான்! அதை எறிவது, தயிர்ச்சட்டியைக் கழுவுகிறேன் என்று உறைமோர் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, நாளைக்குத் தயிர் எங்கே என்று தேடுவதற்கு ஒப்பாகும். நம் வீட்டுப் பெண்கள் ஒருநாளும் செய்யாத பிழையை, காசு கொடுத்து, மாதந்தோறும், வழிகாட்டி நூலின்படி செய்கிறோம். புதிய தொட்டியில் இந்த உயிர்க்கூட்டம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். நான்கு வாரத்திற்கு ஒருமுறை தட்டை மாற்றினால் அது என்றைக்கு நிலைபெறும்? மீன் சாகும், கடைக்குப் போவோம், மருந்து தருவார், புது மீனும் தருவார். யாருக்கு ஆதாயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குழாய்நீரில் பஞ்சைப் பிழிந்து வெள்ளைவெளேர் என்று ஆக்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். குழாய்நீரில் குளோரின் இருக்கிறது. நுண்ணுயிர்களைக் கொல்வதற்காகவே கலந்திருக்கிறார்கள். பஞ்சை ஒரு வாளித் தொட்டிநீரில் இரண்டு மூன்று முறை அமுக்கி எடுத்தால் போதும். அழுக்காகத் தெரியட்டுமே! அந்தப் பழுப்பு நிறத்தில் பாதி உயிர்.

இரண்டாவது காரணம் மின்தடை. தோட்டப்புறப் பள்ளிகளில் மழைக்கால மாலைகளில் மின்சாரம் போவதும் வருவதும் புதிதன்று. தொங்கு வடிகட்டியில் நீர் வடிந்து இறங்கிவிட்டால், மின்சாரம் திரும்பும்போது சில வகைகள் தாமாக நீரை இழுக்க மாட்டா. வறண்டு சுற்றும், உறுமும், தேயும், சூடேறிக் கருகும். சனி ஞாயிறில் அது நேர்ந்தால் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

கேனிஸ்டர் எனப்படும் உருளை வடிகட்டியைப் பரிந்துரைப்பவரும் உண்டு. சத்தமே வராது என்பார்கள், பெரும்பாலும் மெய்தான். ஆனால் விலை நூற்றுக்கணக்கில். குழாய், அடைப்பு, ரப்பர் வளையம் என்று கழுவுவதற்கே ஒரு பயிற்சி வேண்டும். மூடிய பாத்திரமாதலால் மின்சாரம் நின்றால் நான் மேலே சொன்ன கருநீர்க் கதை அங்கேதான் மிக விரைவாக நடக்கும். மேல்தட்டு வடிகட்டி பெரிய மீன்களுக்கு நல்லது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லூஹான் மோகம் நாட்டைப் பிடித்தாட்டியபோது தாமான் வீடுகளிலெல்லாம் தலைமேல் அருவி கொட்டும் தொட்டிகள் நின்றன. இந்நாட்டிலேயே கலப்பினமாக உருவாக்கப்பட்ட மீன் அது. அதன் விலாப்புறத்தில் நான்கு இலக்க எண் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தவர்கள் பலர். அதன் நீரில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் சிலர். போகட்டும். தங்கமீன் போல் மிகுதியாகக் கழிவிடும் மீன்களை வளர்ப்பவர்கள் மேல்தட்டு வடிகட்டியையே வைத்துக்கொள்ளட்டும். கூழாங்கல்லுக்கு அடியில் புதைக்கும் அடித்தட்டு வடிகட்டி ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. கல்லுக்கடியில் சேரும் சகதியை அகற்றத் தொட்டியையே கலைக்க வேண்டியிருக்கும், பள்ளிக்கு ஆகாது.

என் தேர்வு, எல்லாவற்றிலும் மலிவானதும் அழகற்றதுமான நுரைப்பஞ்சு வடிகட்டி. ஒரு நுரைப்பஞ்சு, நடுவில் ஒரு குழாய், காற்றுப்பம்பிலிருந்து வரும் ஒரு மெல்லிய நாளம். அவ்வளவே! காற்றுக்குமிழிகள் குழாய்வழியே மேலெழும்போது நீரையும் தூக்கிக்கொண்டு போகின்றன. அந்த இடத்தை நிரப்பப் பஞ்சின் வழியே நீர் நுழைகிறது. நீருக்குள் சுழலும் உறுப்பு ஒன்றும் இல்லை. நத்தை ஓடு மாட்டாது. கப்பிக் குஞ்சுகளை உறிஞ்சிக் கொல்லாது. தொங்கு வடிகட்டியின் குழாயில் எத்தனை குஞ்சுகள் போயின என்பதை மீன்கள்தாம் சொல்லவேண்டும். மின்சாரம் திரும்பியதும் தானே ஓடும். பஞ்சு தொட்டிக்குள் திறந்தே இருப்பதால் மூடிய பெட்டியைப்போல் விரைவில் அழுகாது. பஞ்சு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அண்மையில் நான் வாங்கியபோது வடிகட்டியும் பம்பும் சேர்த்து முப்பது வெள்ளிக்குள் அடங்கிற்று. சென்னைக் கொளத்தூரில் கொல்லைப்புறத் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களும் இந்தக் காற்றையும் பஞ்சையும் நன்கறிந்தவர்கள்தாம்.

இங்கே எதிர்த்தரப்பு என்னை மடக்கும். "காற்றுப்பம்பு அதைவிட இரையுமே!" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. வீட்டுக்கு வந்து பம்பைப் பிரித்துப் பார்த்த பிறகே வந்தது. இப்போது சொல்கிறேன்.

பம்புக்குள் ஒரு மின்காந்தமும், நுனியில் காந்தம் பொருத்திய ஒரு கைகோலும், ஒரு ரப்பர்ச் சவ்வும் உள்ளன. கைகோல் நொடிக்கு ஐம்பது முறை ஆடி, சவ்வை அமுக்கிக் காற்றைத் தள்ளுகிறது. பம்பு எழுப்பும் சத்தம் அவ்வளவு பெரிதன்று. அதை நாம் எங்கே வைக்கிறோம்? உள்ளே காலியான பலகை அலமாரியின்மேல்! அலமாரி உறுமி மேளமாகிவிடுகிறது. திருவிழாவில் உறுமி முழங்குவதற்குக் காரணம் குச்சி மட்டுமா? கீழே உள்ள கூடும் அல்லவா? பம்பைக் கையில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறைந்தால் குற்றம் பம்பினுடையதன்று, மேசையினுடையது. அடியில் பழைய மிதிவண்டி உள்குழாயை இரண்டு மடிப்பாக மடித்து வையுங்கள். அல்லது ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். சுவரில் படக்கூடாது. கித்தாக்காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு ரப்பர் அதிர்வைத் தின்னும் என்பதை வேற்று நாட்டான் வந்து சொல்லித்தரவேண்டுமா?

பம்பு திடீரென்று முன்பைவிட மிகுதியாக இரைந்தால், பெரும்பாலும் காற்றுக்கல் அடைபட்டிருக்கும். போக வழியில்லாத காற்று திரும்பி அழுத்துவதால் பம்பு திணறும்; நாளடைவில் சவ்வு கிழியும். நாளத்தைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அமைதியானால் கல்லை மாற்றுங்கள், பம்பை அன்று. சவ்வு கிழிந்திருந்தாலும் தனியாகச் சவ்வு விற்கும் கடைகள் உண்டு.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடக்கூடாது. பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்திற்குக் கீழே வைத்தால், மின்சாரம் போனவுடன் நீர் நாளம் வழியாகப் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகும். மேலே வையுங்கள், இயலாவிட்டால் நாளத்தில் ஒருவழி வால்வு ஒன்றை மாட்டுங்கள். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிதான். மின்கம்பியையும் நேராகப் பிளக்குக்கு இழுக்காமல், ஒரு வளைவு கீழே தொங்குமாறு விடுங்கள். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பிள்ளைகள் நடமாடும் இடம்.

இத்தனைக்கும் பிறகும் "இரவில் அடைத்தே தீருவோம்" என்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. நாம் சிறு வயதில் ஹார்லிக்ஸ் போத்தலில் சண்டைமீன் வளர்க்கவில்லையா? இரண்டு போத்தலுக்கு நடுவே அட்டையைச் செருகி, எடுத்தால் சிலிர்க்கும், வைத்தால் அடங்கும் என்று விளையாடினோமே! அந்த மீனுக்குச் செவுளோடு கூட, மேற்பரப்புக் காற்றையே மூச்சாக இழுக்கும் தனியுறுப்பு ஒன்று தலைக்குள் இருக்கிறது. பம்பில்லாமலும் மூச்சுவிடும். ஆனால் அதற்கும் அம்மோனியா நஞ்சே. போத்தல் போதாது, ஒரு கேலன் கொள்ளும் பாத்திரத்திற்குக் குறையாமல், நீர்ச்செடியோடு, காய்ந்த கெத்தாப்பாங் இலையொன்றும் போட்டு, ஒருநாள் பிடித்துவைத்த நீரால் அடிக்கடி மாற்றி வளர்க்கவேண்டும். இவ்வளவும் செய்ய மனமிருந்தால் செய்யுங்கள். கப்பிக்குப் பத்துக் காசு மின்சாரம் தர மனமில்லாதவர்கள் அன்றாடம் நீர் மாற்றுவார்கள் என்று நான் நம்பவில்லை. அது வேறு.

மேலதிகாரிகள் வருகிறார்கள் என்றால் தொட்டி வாங்குகிறோம். வண்ணக்கல் பரப்புகிறோம். பின்புறம் நீலத்தாள் ஒட்டுகிறோம். பார்வையிட்டுவிட்டுப் போனதும் மீனும் போகிறது. தொட்டி பொருளறைக்குப் போகிறது. எத்தனை பள்ளிகளின் பொருளறைகளில் காய்ந்த மீன் தொட்டிக்குள் பழைய சோதனைத் தாள்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன! நானும் என் முதல் பள்ளியில் அப்படி அடுக்கியவன்தான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் "அறிவியல் மூலை" அமைக்கக் கற்றுக்கொண்டேனே தவிர, அதை உயிரோடு வைத்திருக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஜெலுபு மாவட்டத்துக் கிளாமி லெமியில் மீன்வளத் துறையின் நன்னீர் மீன் ஆய்வு நிலையம் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே! உலகச் சந்தைக்கு அலங்கார மீன் அனுப்பும் முன்னணி நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. அத்தொழிலில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைக்கவேண்டும் என்று மேடையில் பேசுபவர்கள், செம்பனை வயிற்றுப்பாட்டைத் தாண்டி ஒரு பிள்ளை கைத்தொழில் கற்றுக்கொள்ள வாய்த்த இரண்டடிக் கண்ணாடியை இரைச்சல் என்று சொல்லித் தூக்கச் சொல்கிறார்கள்.

மீனின் சுவாச உறுப்பு செவுள் என்று பலகையில் எழுதிப்போட்டு, படியெடுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்திலே மூச்சுத்திணறிச் சாகும் மீனைப் பார்க்காதே என்று சொல்ல என்னால் ஆகாது. "மீன்தானே" என்று ஒருவர் சிரித்தார். ஆம், மீன்தான். அதைச் செம்பருத்திச் செடியடியில் புதைத்த பிள்ளைகளிடம் போய் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டட்டும்.

அடுத்த கூட்டத்தில் நான் மூன்று கோரிக்கைகள் வைக்கப்போகிறேன். நூலக மூலையிலுள்ள அந்த ஒரு விசையை யாரும் தொடாதபடி மூடிபோட்டுப் பூட்டவேண்டும். தொங்கு வடிகட்டியோடு நுரைப்பஞ்சு வடிகட்டியையும் ஆறு வாரம் சேர்த்து ஓடவிட்டு, பஞ்சில் உயிர் பிடித்தபின் தொங்குவதை எடுத்துவிட வேண்டும். தொட்டியின் பொறுப்பை என்னிடமிருந்து பிடுங்கி, காதை வைத்துக் கேட்ட அந்தப் பையனிடம் கொடுக்கவேண்டும். முதலிரண்டிற்கும் ஒப்புக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். மூன்றாவதற்குத்தான் "அவனிடமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அன்றைய வகுப்பில் எழுதிய பயிற்சிப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோகிறேன். "நறநற" என்னும் சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருந்தேன். 'வடிகட்டிக்குள் நத்தை ஓடு மாட்டியதால் நறநறவெனச் சத்தம் கேட்டது' என்று அவன் எழுதியிருக்கிறான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

எஞ்சிய ஐந்தில் ஒன்று சினையாக இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் இருந்தால், எங்கள் பஞ்சு பழகியதும் பாதியை வெட்டித் தருகிறேன், உறைமோர் கொடுப்பதுபோலத்தான். மூடியுள்ள ஒரு வாளியோடு வாருங்கள். பஞ்சு காயாமல் எடுத்துச் செல்லவேண்டும்.